வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையா? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரியில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன். பதினாறு வருடம் ஆகிறது. எங்கள் சீனியர் வருடத்துக்கு ஏழெட்டு கேஸ் பீஸ் வாங்காமல் நடத்துவார். அதற்கென்று தனி ரிஜிஸ்டர் கிடையாது. கேஸ் கட்டைப் பச்சை நூலால் கட்டியிருந்தால், இந்தப் பார்ட்டியிடம் காசுப் பேச்சு எடுக்கக்கூடாது என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

பச்சை நூல் பார்ட்டிகள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறார்கள். ஆட்டை விற்று, தோட்டை அடகு வைத்து, கோர்ட் வாசலில் நிற்கும் ஏதோ ஒரு புரோக்கரிடம் பத்தாயிரம் கொடுத்து ஏமாந்த பிறகு. அதற்குள் வாய்தா இரண்டு மூன்று தாண்டியிருக்கும். "இலவச வக்கீல்னா ஒப்புக்கு நிப்பாருங்கண்ணா" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இல்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. நான் வக்கீல் இல்லை, சட்டக் கருத்து சொல்ல வரவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது, தட்டும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

முதல் படி: நீங்கள் தகுதியா என்று பாருங்கள்

ஏழைக்கும் சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவை 1976-இல் சேர்த்தார்கள். அதை நடைமுறைப்படுத்த வந்தது 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதன் 12-ஆம் பிரிவுதான் உங்களுக்கு வேண்டியது.

பெண் என்றால் போதும், வருமானம் பார்ப்பதில்லை. நாலு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கும் அம்மாவும் கேட்கலாம். அதேபோல 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளிகள், போலீஸ் காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள், கொத்தடிமையாகவோ கடத்தப்பட்டோ சிக்கியவர்கள், வெள்ளம் வறட்சி சாதிக்கொடுமை போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கும் வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்குத்தான் வரம்பு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு என்றால் 5 லட்சம்.

இந்த 3 லட்சத்தைக் கேட்டதும் பலர் தாங்களே கணக்குப் போட்டு எழுந்து போய்விடுகிறார்கள். ஓசூர் சிப்காட்டில் மாதம் 28 ஆயிரம் வாங்கும் ஒருவர், "எனக்கு மூணேகால் லட்சத்துக்கு மேல வருதே சார்" என்றார். தொழிற்சாலைத் தொழிலாளி என்ற வகையிலேயே அவர் தகுதியானவர், சம்பளக் கணக்கே தேவையில்லை. வருமானம் காட்ட வேண்டிய ஆளாக இருந்தாலும், தாசில்தார் சான்றுக்கு அலைந்து நாளைக் கடத்த வேண்டாம். உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்றுக்கொள்ள 13-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

இரண்டாம் படி: மனு கொடுப்பது

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. அன்றாட வேலையைப் பார்க்கும் செயலாளரும் நீதிபதிதான். அரூர், பாலக்கோடு, பென்னாகரம், ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை போன்ற ஊர்களில் இருப்பவர்கள் அங்கேயே கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேட்கலாம். அஞ்செட்டியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்து போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் பக்கத்துக் கோர்ட்டில் முதலில் விசாரியுங்கள். போனில் கேட்க 15100, கட்டணமில்லா எண்.

மனு ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், 12-ஆம் பிரிவில் எந்த வகை, எதிராளி யார், என்ன நடந்தது, என்ன வேண்டும், இவ்வளவுதான். ஏற்கெனவே கேஸ் நடக்கிறது என்றால் கேஸ் நம்பரும் அடுத்த வாய்தா தேதியும் மேலேயே, பெரிதாக எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும். அங்கிருப்பவரோ சட்டத் தன்னார்வலரோ எழுதிக்கொள்ள வேண்டும். ஆதார் நகல், சாதிச் சான்று அல்லது மாற்றுத்திறனாளி அட்டை நகல், வந்த நோட்டீஸ் அல்லது சம்மன் நகல் ஆகியவற்றைச் சேருங்கள். மனுவின் இன்னொரு படியில் சீல் போட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

விதிப்படி 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். வாய்தா அதற்கு முன்னால் வருகிறதா? சும்மா வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கு நேரில் போய், பேர் கூப்பிட்டதும் கைகூப்பி நின்று, "ஐயா, இலவச வக்கீலுக்கு மனு கொடுத்திருக்கேன்" என்று சொல்லி, சீல் போட்ட படியைக் காட்டுங்கள். பெரும்பாலும் அவகாசம் கிடைக்கும். போகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது நீங்கள் இல்லாமலே கேஸை நடத்தி முடித்துவிடுவார்கள். சிவில் கேஸில் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். சம்மனே சரியாகச் சேரவில்லை என்றால் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள் எண்ணப்படும்.

மூன்றாம் படி: தனியார் வக்கீல்களிடம் கேட்பது

சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய சட்ட நிறுவனங்களில், காசு வாங்காமல் செய்யும் வேலைக்கென்றே ஆட்களை ஒதுக்குகிறார்கள். நம் ஊரில் நிறுவனம் என்று எதுவும் இல்லை, சீனியர் ஆபீஸ்தான். ஆனால் கடமை ஒன்றுதான். கொடுக்க முடியாதவருக்கும் சட்ட உதவி உண்டு என்பதை ஒவ்வொரு வழக்கறிஞரும் மனதில் வைக்க வேண்டும், முடிந்த அளவு இலவசமாக உதவுவது சமூகத்துக்கு அவர் செய்ய வேண்டிய மேலான கடமை என்று இந்திய பார் கவுன்சில் விதிகளில் 46-ஆம் விதி சொல்கிறது. 36-ஆம் விதி விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. ஆகவே "இங்கு இலவசமாக வாதாடப்படும்" என்று எந்தப் போர்டும் தொங்காது. அப்படி ஒரு போர்டைப் பார்த்தால் நான் உள்ளே போக மாட்டேன்.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? பார் அசோசியேஷன் நிர்வாகிகளைக் கேட்கலாம். தொழிற்சங்கம், விவசாயிகள் சங்கம், மலைவாழ் மக்கள் சங்கம், மாதர் சங்கம், மாற்றுத்திறனாளிகள் சங்கம் போன்றவற்றுக்கு வழக்கமாக உதவும் வக்கீல் ஒருவர் இருப்பார். சட்டக் கல்லூரி ஒவ்வொன்றிலும் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. தருமபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் கோர்ட்டில் வாதாட முடியாது, ஆனால் மனு எழுதவும் காகிதங்களை அடுக்கவும் அவர்களை மிஞ்ச ஆளில்லை. மத்திய அரசின் 'நியாய பந்து' திட்டத்தில் செல்போன் செயலி வழியாகப் பதிவு செய்தால், இலவசமாக நடத்த முன்வந்துள்ள வக்கீல்களில் ஒருவரோடு இணைத்துவிடுவார்கள். அங்கேயும் தகுதி 12-ஆம் பிரிவின்படிதான்.

எது நல்லது, ஆணைக்குழு வக்கீலா, தனியாரா? என் கணிப்பு இது. ஜீவனாம்சம், குடும்ப வன்முறை, பாகப்பிரிவினை, ஜாமீன் மாதிரி மாவட்டக் கோர்ட்டில் அன்றாடம் நடக்கும் கேஸ்களுக்கு ஆணைக்குழு போதும். அந்த வக்கீல்கள் அதே கோர்ட்டில் தினமும் நிற்பவர்கள். ஊருக்கே பொதுவான பிரச்சினை, அரசை எதிர்த்து ரிட், ஆலைக் கழிவு, நிலம் கையகப்படுத்தல் என்றால் சென்னையில் ஆள் வேண்டும். நம் இரு மாவட்டமும் உயர் நீதிமன்றத்தின் சென்னை அமர்வில்தான் வருகின்றன, மதுரையில் இல்லை. அங்கே உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு ஒன்று தனியாக உண்டு. பெரிய சட்ட நிறுவனங்கள் ஆர்வம் காட்டுவதும் இந்த வகை கேஸ்களில்தான்.

ஒருவர் ஒத்துக்கொண்டால், வெட்கப்படாமல் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். பீஸ் மட்டும் இல்லையா, கோர்ட் கட்டணமும் டைப்பிங்கும்கூட இல்லையா? மேல்முறையீடு போனாலும் நீங்களே பார்ப்பீர்களா? நீங்கள் வராத அன்றைக்கு யார் நிற்பார்கள்? பதில் சொல்லத் தயங்கும் வக்கீல் கெட்டவர் என்று இல்லை, ஆனால் பின்னால் மனக்கசப்பு வருவது எப்போதும் இந்த மூன்றில்தான்.

நான்காம் படி: தேதித் தாள்

வழிகாட்டி முழுவதும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பார்ட்டி வந்து உட்கார்ந்ததும், "எங்கப்பாரு இருக்கும்போது எல்லாரும் ஒத்துமையாத்தான் இருந்தோம்..." என்று ஆரம்பிப்பார். அரை மணி நேரம் போகும். சீனியருக்கு வேண்டிய வரி ஒன்றுகூட அதில் இருக்காது. காசு கொடுக்கும் பார்ட்டிக்கு இரண்டாவது முறை நேரம் ஒதுக்குவார்கள். இலவச கேஸில், உண்மையைச் சொன்னால், அந்த இரண்டாவது நேரம் கிடைப்பது கஷ்டம்.

ஆகவே ஒரே ஒரு வெள்ளைத் தாள். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் ஒரு வரி. பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம்:

2009 ஆனி: அப்பா இறந்தார். உயில் இல்லை.
2010: வாரிசுச் சான்று வாங்கினோம். என் பெயர் மூன்றாவது. நகல் இருக்கிறது.
2016: பட்டா அண்ணன் பெயருக்கு மாறியது. எனக்கு நோட்டீஸ் வரவில்லை.
2021 மார்ச்: ரோட்டோரம் அரை ஏக்கரை அண்ணன் விற்றார். பத்திரம் என்னிடம் இல்லை, வில்லங்கத்தில் பார்த்தேன்.
2023 தை: பங்கு கேட்டேன். பெரிய மாமா கூட இருந்தார். "கோர்ட்டுல பாத்துக்க" என்றார் அண்ணன்.
2024 ஆகஸ்ட்: அண்ணன் என் மேல் இன்ஜங்ஷன் கேஸ் போட்டார். சம்மன் வந்தது.

இவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் வக்கீலுக்கு முழு கேஸும் தெரிந்துவிடும். உயில் இல்லாததால் மகளுக்கும் பங்கு, பட்டா மாறியதாலேயே பங்கு போய்விடாது, விற்ற நிலத்தை வாங்கியவரையும் கேஸில் சேர்க்க வேண்டும், சாட்சிக்கு மாமா இருக்கிறார். அழுகையும் கோபமும் நியாயமானவைதான். அவற்றை டீக்கடையில் என்னிடம் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.

வருடம் சரியாக நினைவில்லையா? "பெரியவன் ஒண்ணாவது சேர்ந்த வருஷம்" என்று எழுதினாலும் சரி, பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஊகித்து ஒரு தேதி போட்டால்தான் ஆபத்து. குறுக்கு விசாரணையில் முதல் அடி அங்கேதான் விழும்.

காகிதங்கள் விஷயத்தில் செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய. வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலும், பட்டா, சிட்டா, அ-பதிவேட்டை வருவாய்த்துறை இணையதளத்திலும் காசில்லாமல் பார்க்கலாம். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலும், குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்றப்பத்திரிகை நகலும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கிலோ கன்னடத்திலோ பழைய பத்திரம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், மொழிபெயர்ப்புச் செலவும் சட்ட உதவியில் அடங்கும். ஒரிஜினலைப் பையில் வைத்திருங்கள், கொடுப்பது ஜெராக்ஸ்.

ஐந்தாம் படி: முதல் சந்திப்பு

உங்களுக்குப் பாதகமானதை முதலில் சொல்லுங்கள். கைநாட்டு வைத்த விடுதலைப் பத்திரம், எப்போதோ வாங்கிய இருபதாயிரம், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த கடிதம், எல்லாவற்றையும். எதிராளி வக்கீல் அதை எடுத்துக் காட்டும்போது உங்கள் வக்கீலுக்கு அது புதுச் செய்தியாக இருக்கக்கூடாது. காசு வாங்காமல் நடத்துகிறவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது, எங்கள் சீனியர் கட்டைத் திருப்பிக் கொடுத்தது அப்படி ஒரு தடவைதான்.

வக்காலத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். அது, இவர் எனக்காக ஆஜராகலாம் என்ற அதிகாரம். கேஸ் விவரம் நிரப்பிய பிறகு போடுங்கள். வெற்றுத் தாளிலோ வெற்று முத்திரைத் தாளிலோ, கேட்பது யாராக இருந்தாலும், கையெழுத்து வேண்டாம்.

எது இலவசம், எது இல்லை

ஆணைக்குழு வழியாகப் போனால் வக்கீல் பீஸ், கோர்ட் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, மனுத் தயாரிப்பு, தீர்ப்பு நகல் எதற்கும் உங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டாம். ஆணைக்குழு நியமித்த வக்கீல் உங்களிடம் பணம் கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. "டீ செலவுக்கு" என்று கேட்டாலும் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். கேஸ் சரியாக நடத்தவில்லை என்றால் வக்கீலை மாற்றித் தரச் சொல்லியும் அங்கேயே மனு கொடுக்கலாம். இரண்டு வாய்தா தொடர்ந்து ஆள் வரவில்லை என்பதைத் தேதியோடு எழுதினால் எடுபடும், "சரியில்லை" என்று மட்டும் எழுதினால் எடுபடாது.

பஸ் காசும் போன கூலியும் உங்களுடையது. விதிவிலக்கு, பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகள்: பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படியும் தினப்படியும் தர வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் வருட விதிகள் சொல்கின்றன. கேட்காமல் வராது.

போலீஸ், சிறை என்றால்

இதில் மனுவெல்லாம் அப்புறம். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ரிமாண்டுக்குக் கொண்டுவரும் அந்த நேரத்திலேயே, "எனக்கு வக்கீல் வைக்க வசதியில்லை" என்று சொன்னால் அரசு செலவில் வக்கீல் தர வேண்டும். 1979-இல் ஹுஸ்னாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. 1986-இல் சுக் தாஸ் வழக்கில் இன்னும் ஒரு படி போய், இப்படி ஒரு உரிமை உண்டு என்று சொல்லாமலே விசாரணை நடத்தித் தண்டித்தது செல்லாது என்றது.

சேலம் மத்திய சிறையில் வீட்டு ஆள் இருந்தால், சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையம் உண்டு; மனுவைச் சிறை அதிகாரி மூலமே அனுப்பலாம். விசாரணைக் கைதிகளுக்கு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 479-ஆம் பிரிவைக் கேட்டுப் பாருங்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், தன் மேல் உள்ள குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணையில் விட வேண்டும். தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும் வேறு கேஸ்கள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

வீட்டில் அடி என்றால் 181, குழந்தைத் திருமணம் என்றால் 1098. வக்கீல் பிறகு.

விபத்து கேஸ்

தொப்பூர் கணவாயை வைத்திருக்கும் மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்லாமல் முடியாது. நஷ்டஈடு மனுவை விபத்து நடந்த ஊரில் மட்டும்தான் போட வேண்டும் என்று இல்லை. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் லாரி மோதியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் தருமபுரியிலேயே போடலாம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தி 2022 ஏப்ரல் முதல் அமல்படுத்தியிருக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் உண்டு. வருவாய்த்துறையில் கொடுக்கும் மனு அது.

ஆஸ்பத்திரிக்கே வந்து "பாதிக்குப் பாதி" பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பது வக்கீல்களுக்கு விதிப்படியே தடை. கணவனை இழந்த பெண் என்றால் ஆணைக்குழு வழியாக ஒரு பைசா இல்லாமல் இதே கேஸை நடத்தலாம்.

மக்கள் நீதிமன்றத்துக்கு அழைத்தால்

போங்கள். இரண்டு தரப்பும் சமரசமாகப் பேசி முடிக்கும் இடம் அது. விபத்து, பேங்க் கடன், செக் கேஸ் எல்லாம் ஒரே நாளில் முடிகிறது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒன்று. அங்கே கையெழுத்துப் போட்டு முடித்த கேஸுக்கு அப்பீல் கிடையாது. சிவில் கோர்ட் டிக்ரி மாதிரியே அது கட்டுப்படுத்தும். மத்தியானம் பசியில், பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் சரி என்று தலையாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தொகை மனதுக்கு ஒப்பவில்லை என்றால் "வேண்டாங்க, கேஸ் நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம். யாரும் கோபித்துக்கொள்ள உரிமை இல்லை.

கேஸ் நடக்கும்போது

எவ்வளவு நாள் ஆகும் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த கொடுமைக்கு, தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல், அதே செப்டம்பர் 29. அந்த மலையடிவார மக்கள் தனி ஆளாக வக்கீல் வைத்து முப்பது வருடம் தாக்குப்பிடித்திருக்க முடியுமா? சங்கமும் கட்சியும் வக்கீல்களும் கூட நின்றார்கள், மக்களும் ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி வந்து சாட்சி சொன்னார்கள்.

உங்கள் கேஸுக்கு அவ்வளவு ஆகாது என்று நம்புவோம். சி.என்.ஆர். எண் என்று 16 எழுத்து, எண் கொண்ட ஒன்று ஒவ்வொரு கேஸுக்கும் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, தேதித் தாளின் பின்பக்கம் எழுதிவையுங்கள். ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா தெரியும். பேரப்பிள்ளையிடம் கொடுத்தால் பார்த்துச் சொல்வான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீலுக்கு போன் போட வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம் குமாஸ்தாவுக்குப் போடுங்கள், எடுப்பார். போன் நம்பர் மாறினால் அன்றைக்கே சொல்லுங்கள். எங்கள் ஆபீசில் பச்சை நூல் கட்டுகளில் இரண்டு, பார்ட்டி எங்கே போனார் என்றே தெரியாமல் அலமாரியில் கிடக்கின்றன.

தீர்ப்பு வந்த பிறகு

ஜெயித்தாலும் தோற்றாலும் அன்றைக்கே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடச் சொல்லுங்கள். மாவட்ட நீதிமன்றத்துக்கு சிவில் அப்பீல் போக 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் எடுக்க ஆன நாட்களைக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். அப்பீலுக்கும் இலவச வக்கீல் உண்டு, ஆனால் புதிதாக மனு கொடுக்க வேண்டும்.

கடைசியாக, ஒரிஜினல் பத்திரங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்தவை தானாக வீட்டுக்கு வராது. அப்பீல் காலம் முடிந்ததும் திரும்பப் பெற மனு போட வேண்டும். எதையெல்லாம் கொடுத்தீர்கள் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.